முப்பத்தேழில் நின்ற ஞாயிற்றுக்கிழமை

பல்செட் செய்கிறவரை அவர் வேலை பார்க்கும் லேபில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அரைமணி' என்றால் போதும், திரும்பிப் பார்ப்பார். எந்த வேலையைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் வாயில் முதலில் வருவது, "இது அரை மணி நேர வேலை" என்பதுதான். பல் விஷயத்தில் அது உண்மையும்கூட. ஒரு பொக்கை வாய்க்கு வேண்டிய பல் வரிசையை மெழுகில் அடுக்கி, மேலும் கீழும் கடி பொருந்துகிறதா பார்த்து, ஈறு வளைவைச் செதுக்கி வைக்க அவருக்கு அதற்கு மேல் ஆகாது. விரல்கள் அப்படி ஓடும்.

வீட்டில்தான் அந்த அரை மணி நேரம் ரப்பர் மாதிரி இழுபடும். துணி துவைக்கும் மெஷினை அவர் ஒருமுறை சரிசெய்தார். அன்றிலிருந்து அது துணி பிழியும்போதெல்லாம் குதித்துக் குதித்து நகர்ந்து, குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் துணி பிழிந்து முடியும்வரை உள்ளேயே நிற்க வேண்டியதுதான். வாசல் மணியையும் அவர்தான் சரிசெய்தார். இப்போது மாடிப்படி விளக்கைப் போட்டால் மணி அடிக்கிறது. மணியை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. "விருந்தாளிங்க விளக்கைப் போட்டுட்டு நிக்கட்டும்" என்று அவர் மனைவி அதோடு சமாதானமாகிவிட்டாள்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கிறுக்கலை வாசித்து வாசித்து, மனிதர்கள் சொல்ல வருவதைப் பாதியிலேயே புரிந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. அந்தத் திறமை வீட்டில் மிகவும் தேவைப்பட்டது. காரணம், அவளுடைய அம்மா.

அம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்லியே தலை நரைத்தவர். குரல் இன்னும் அப்படியே கணீரென்று இருக்கிறது. மகளிடம் மற்ற அம்மாக்கள் மாதிரி சாதாரணமாகத்தான் பேசுவார். மாப்பிள்ளை என்று வந்துவிட்டால் மட்டும் அவர் பேசமாட்டார், அறிவிப்பார். அதுவும் மாப்பிள்ளையைப் பார்த்து அல்ல, பொதுவாக, சுவரைப் பார்த்து.

"காபி தயார். குடிக்கிறவங்க சமையலறைக்கு வரலாம்."

"வெந்நீர் இன்னும் சூடாகலை. குளிக்கிறவங்க கொஞ்சம் பொறுக்கணும்."

கூச்சமா, மரியாதையா, தன் பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்கும் என்ற மனத்தாங்கலா என்று அரைமணிக்கு இத்தனை வருஷத்தில் பிடிபடவில்லை. அவரும் பதிலை மனைவியிடம்தான் சொல்வார். "அத்தைகிட்ட சொல்லு, எனக்குச் சர்க்கரை வேண்டாம்." அத்தை இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். மனைவி திரும்பி, "அம்மா, சர்க்கரை வேண்டாமாம்" என்பாள். சம்பளமில்லாத அந்த மொழிபெயர்ப்பு வேலையையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டின் கூடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதை அதிகம் பயன்படுத்தியது அத்தைதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாலு மணிக்கு, கடல் கடந்து இருக்கும் அவருடைய அக்கா அதில் முகம் காட்டுவார். செல்போனில் பேசினால் போதாதா என்றால் போதாது. "அதுல அக்கா தீப்பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கா. சண்டை போட்டா மூஞ்சி எப்படி மாறுதுன்னே தெரியலை" என்பார் அத்தை.

கம்ப்யூட்டரோ நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே வந்தது. அன்றொரு ஞாயிறு, பேச்சு சூடுபிடித்த நேரத்தில் படம் அப்படியே உறைந்துபோனது. உறைந்தது அத்தையின் படம்தான், வாய் முழுதாகத் திறந்த நிலையில். அக்காவின் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"ஏண்டி, திறந்த வாயை மூடவே மாட்டேங்கிறியே! என்ன கம்ப்யூட்டரோ போ. என் மாப்பிள்ளை மட்டும் அங்க இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல சரி பண்ணியிருப்பார்."

அக்காவின் மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அரைமணிக்கு அந்த ஒரு நிமிஷம் சுருக்கென்று தைத்தது. வாரம் முழுக்கத் தைத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, கணவர் கம்ப்யூட்டர் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"ஓஎஸ்ஸை அழிச்சிட்டுப் புதுசாப் போடப் போறேன். கம்ப்யூட்டரை ஓட்டுறதே அதுதான். பழசுல குப்பை சேர்ந்து போச்சு. புதுசு போட்டா பறக்கும் பாரு."

"இன்னிக்கேவா? நாலு மணிக்குப் பெரியம்மா கூப்பிடுவாங்க."

"அரை மணி நேர வேலை."

அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். "ஃபோட்டோ எல்லாம்?"

"எல்லாத்தையும் வேற டிஸ்க்ல எடுத்து வெச்சாச்சு."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்மாவை மகள் ஒருமுறை பார்த்தாள். இந்த இரண்டு பேரையும் நடுவில் ஆளில்லாமல் நாள் முழுக்க விட்டுப் போவதில் அவளுக்குச் சங்கடம் இருந்தது. ஆனால் மருந்துக்கடை காத்திருக்காது. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அரைமணி பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். லேபுக்குப் பல்செட் சாமான் விற்க வருகிறவர் இலவசமாகக் கொடுத்தது அது. கடைவாய்ப்பல் வடிவத்தில் இருக்கும். வேரைப் பிடித்து இழுத்தால் உள்ளிருந்து சொருகும் முனை வெளியே வரும். மேலே '32 ஜிபி' என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். பல்லுக்கு முப்பத்திரண்டு என்பது எவ்வளவு பொருத்தம் என்று அவர் அதை வாங்கிய நாளில் லேபில் எல்லோரிடமும் காட்டி மகிழ்ந்தவர். முந்தைய நாள் லேப் கம்ப்யூட்டரில் புது ஓஎஸ்ஸை இறக்கி அந்தப் பல்லில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

பல்லைச் சொருகினார். கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னார். டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றார். மறுபடியும் கேட்டது. இதென்ன தொணதொணப்பு என்று முணுமுணுத்தபடி மறுபடியும் சம்மதம் என்றார். பழசு அழிந்தது. புதுசு ஏற ஆரம்பித்தது. பத்து சதவீதம், இருபது, முப்பது. அவர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

முப்பத்தேழில் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து, தேவையான கோப்பைப் படிக்க முடியவில்லை என்று ஒரு செய்தியும், நீளமாக ஓர் எண்ணும் வந்தன. அரைமணி அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். முப்பத்தேழில் நின்றது. மூன்றாவது தடவையும் அங்கேயேதான். பல்லைக் கழற்றிவிட்டுப் பழையபடி வருகிறதா என்று பார்த்தார். இயக்குவதற்கு எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்தது. இருந்த பல்லைப் பிடுங்கியாயிற்று, புதுப்பல் பொருந்தவில்லை, வாய் பொக்கையாகத் திறந்து கிடக்கிறது. தொழிலில் இப்படி ஒரு நிலைமைக்கு அவர் யாரையும் ஆளாக்கியதில்லை.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அறிவிப்பு வந்தது. "முப்பத்தேழிலேயே நிக்குது."

அரைமணி வழக்கம்போல மனைவி பக்கம் திரும்பினார். அங்கே மனைவி இல்லை. நாற்காலிதான் இருந்தது. நாற்காலியிடம் என்ன சொல்வது?

பேப்பர் மடிந்து கீழே இறங்கியது. அத்தை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "சீட்டாட்டம் எப்ப வரும்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

"எந்தச் சீட்டாட்டம் அத்தை?"

கேட்டுவிட்ட பிறகுதான், நேராகக் கேட்டுவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. அத்தைக்கும் உறைத்திருக்க வேண்டும். ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினார்.

"கம்ப்யூட்டர்ல நான் ஆடறது. மத்தியானத்துல நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம். தொடர்ந்து நானூறு ஆட்டத்துக்கு மேல ஜெயிச்சு வெச்சிருக்கேன். அது பத்திரமா இருக்குல்ல?"

ஃபோட்டோவை எடுத்து வைத்திருந்தார். வீட்டுப் பத்திரம், மின்சார பில், மனைவி எப்போதோ பாடிப் பதிவு செய்த பாட்டு, எல்லாம் எடுத்து வைத்திருந்தார். வீட்டில் ஒருவர் சீட்டாடுகிறார் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும்.

"அது... அது வந்து அத்தை... அந்த மாதிரி ஆட்டமெல்லாம் என்னன்னா..."

"மாப்பிள்ளை, நேராச் சொல்லுங்க. வருமா, ரத்தா?"

"ரத்து, அத்தை."

அத்தை எழுந்து பால்கனிக்குப் போனார். கொடியில் காயும் துண்டை எடுத்து உதறினார். மறுபடியும் அதே கொடியில் போட்டார். இனி இந்த வீட்டில் காபி தயார் என்ற அறிவிப்புகூட வராது என்று அரைமணி நினைத்துக்கொண்டார். அத்தை திரும்பி வந்து, இந்த முறை சோபாவுக்குப் போகாமல் அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், அவகிட்ட சொல்லாதீங்க. தப்பாப் போட்டுட்டா பின்னாடி போய் மாத்திப் போட்டுக்கலாம், அதுல ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கி அமுக்கித்தான் பாதி ஜெயிச்சேன். போனா போகட்டும். ஆனா நாலு மணிக்கு அக்கா வரணும். வரலைன்னா 'அப்பவே சொன்னேன்'னு ஆரம்பிப்பா, அடுத்த வருஷம்வரைக்கும் முடிக்க மாட்டா. இப்ப என்ன பண்ணணும்?"

அரைமணி மேஜை டிராயரிலிருந்து டார்ச்சை எடுத்து நீட்டினார். "டார்ச் பிடிக்கணும், அத்தை."

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே தூசி பஞ்சுப்பொதி மாதிரி சேர்ந்திருந்தது. ஈறு வளைவுகளைச் சுத்தம் செய்யும் மெல்லிய தூரிகை ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும். அதை வைத்து மூலை முடுக்கெல்லாம் கூட்டினார். அத்தை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், "வெளிச்சம் இடது பக்கம் நகர்கிறது" என்று சொல்லிச் சொல்லி நகர்த்தினார். ஒரு பச்சைத் தகட்டை அரைமணி மெதுவாகக் கழற்றி எடுத்தார்.

"அது என்னது?"

"மெமரி, அத்தை. இதுக்கு ஞாபகமெல்லாம் இதுலதான்."

"இவ்வளவு தூசி படிஞ்சா யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்!"

தகட்டின் முனைகளைத் துடைத்துத் திரும்பச் சொருகினார். பெட்டியை மூடினார். ஒரு திருகாணி மிச்சமிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அத்தை அதை எடுத்துப் பூந்தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

மறுபடி ஏற்றினார்கள். முப்பத்தேழு.

வேறு வழியில்லாமல், முன்பு இந்தக் கம்ப்யூட்டரை விற்ற கடைக்காரருக்கு ஃபோன் போட்டார் அரைமணி. கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை ஆதியோடந்தமாகக் கேட்டுவிட்டு, மென்றுகொண்டே, "அந்த எர்ரர் நம்பரைப் படிங்க" என்றார். அரைமணிக்குப் பூஜ்யங்களை எண்ணுவதில் தடுமாற்றம் வந்தது. அத்தை ஃபோனை வாங்கி, திரையைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணையும் எழுத்தையும் அழுத்தம் திருத்தமாக வாசித்தார். வாசித்து முடித்ததும், பழையபடி, இன்னொரு முறையும் வாசித்தார்.

மறுமுனையில் மெல்லும் சத்தம் நின்றது.

"அம்மா... நீங்க ரயில்வே ஸ்டேஷன்ல பேசுவீங்களே, அவங்களா?"

"ஆமாம். நீங்க?"

"உங்களை நம்பித்தாம்மா நான் மூணாவது பிளாட்பாரத்துல நின்னேன். வண்டி அஞ்சாவதுல வந்து போயே போயிடுச்சு! இன்டர்வியூவுக்குப் போகவேண்டிய நாள். அந்த வேலை கிடைக்காமத்தான் கம்ப்யூட்டர் கடை வெச்சேன்."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "நடைமேடை மாற்றத்தை ரெண்டு தடவை அறிவிச்சிருப்போம். நீங்க டீ குடிச்சிட்டு இருந்திருப்பீங்க."

"டீதான்" என்றார் கடைக்காரர், இறங்கிய குரலில்.

அரைமணி ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"எந்த பென் டிரைவ்ல ஏத்தினீங்க சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பல்லு."

"என்னது?"

"பல்லு மாதிரி இருக்கும். லேபுக்குச் சாமான் கொண்டுவர்றவர் ஓசியில கொடுத்தது. முப்பத்திரண்டு ஜிபி."

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் மாமனார் வீட்டில் யாரோ என்ன என்ன என்று கேட்பது இங்கே கேட்டது. "சார், ஓசியில வர்றதுல முப்பத்திரண்டுன்னு எழுதியிருக்கும். உள்ள நாலுதான் இருக்கும். நாலு ரொம்புற வரைக்கும் ஒழுங்கா ஏறும். அதுக்கு மேல ஏத்தினது எல்லாம் காத்துல போயிடும். ஆனா ஏறிடுச்சுன்னு பொய் சொல்லும். அதான் ஒரே இடத்துல நிக்குது. கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்லை. அது பொய்ப்பல்லு சார்!"

காலம் முழுக்கப் பொய்ப்பல் செய்து ஊருக்கு மாட்டிவிடுகிறவர் அந்தக் கடைவாய்ப்பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அத்தையும் எட்டிப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று அவர் உதட்டை மடித்துக்கொண்டது அரைமணிக்குத் தெரிந்தது.

இனி நல்ல பென் டிரைவ் ஒன்று வேண்டும். அதில் ஓஎஸ்ஸை ஏற்ற, உயிரோடிருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றும் வேண்டும். பக்கத்துத் தெரு ஸ்டேஷனரிக் கடையில் பென் டிரைவ் வாங்கினார். அங்கிருந்து மருந்துக்கடை நாலு கட்டடம் தள்ளித்தான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் பென் டிரைவோடு அவர் உள்ளே நுழைந்ததுமே மனைவிக்கு விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது. இருமல் மருந்து வாங்க நின்றவரிடம், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, பில் போடும் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றாள்.

"மாட்டேன்."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே!"

"கேக்க வேண்டாம். இதுல கை வெச்சீங்கன்னா அப்புறம் ஊசி கேட்டா மாத்திரைக்குப் பில் வரும். லேப் சாவி உங்ககிட்டதானே இருக்கு? அங்க போங்க."

"அட, ஆமாம்ல!"

"அம்மா எப்படி இருக்காங்க? கோவமா இருக்காங்களா?"

"டார்ச் பிடிச்சாங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். இதில் ஏதோ ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது என்று மனைவி நினைத்தாள். டார்ச்சால் அடித்தாரா, என்ன? வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். அவர் திருப்பத்தில் மறைந்துவிட்டார்.

லேபில் ஞாயிற்றுக்கிழமை அமைதி. அலமாரி நிறைய, வாயில்லாத பல்வரிசைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. மற்ற நாட்களில் அவர் கண்ணுக்கு அவை வேலையாகத்தான் தெரியும். இன்று ஒவ்வொன்றும் அவரைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது. அவர் அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புது பென் டிரைவில் ஓஎஸ்ஸை ஏற்றினார். சரியாக ஏறியிருக்கிறதா என்று சரிபார்க்கவும் சொன்னார். சரி என்று வந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை சரிபார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை தட்டில் சாப்பாடு போட்டு மூடி வைத்திருந்தார். சாப்பிட யாருக்கும் தோன்றவில்லை. இருவரும் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தாறு. அத்தையின் கை அரைமணியின் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டது. முப்பத்தேழு வந்தது. கொஞ்ச நேரம் நின்றது.

"முப்பத்தெட்டு!"

அந்தக் குரல் ஒரு காலத்தில் ஐந்து நடைமேடைகளுக்கும் கேட்ட குரல். மேல்வீட்டில் நாய் குரைத்தது. அரைமணி எழுந்து நின்று கைதட்டினார். அதற்குப் பிறகு நூறு வரைக்கும் ஒவ்வோர் எண்ணும் வீடு முழுக்க ஒலித்தது. நூறு ஆனதும் கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எரிந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அரைமணி சொன்னார். எந்த டிஸ்கில் போடட்டும் என்று கேட்டது. சொன்னார். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றார்.

"இதையெல்லாம் முதல்லயே கேட்ட மாதிரி இருக்கே மாப்பிள்ளை" என்றார் அத்தை.

"இது வேற கேள்வி அத்தை."

வேறு கேள்வி இல்லை. ஒன்றிலிருந்து மறுபடி ஏற ஆரம்பித்திருந்தது. இரண்டாவது தடவையும் நூறு ஆகி, அணைந்து, எரிந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டபோது அரைமணி நாற்காலியில் சரிந்துவிட்டார். அத்தைதான் கடைக்காரருக்கு ஃபோன் போட்டார். கடைக்காரர் இந்த முறை பாயசமோ பழமோ எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தானா அணைஞ்சு எரியுதுல்ல, அப்ப பென் டிரைவை எடுத்தீங்களாம்மா?"

அத்தை திரும்பிக் கேட்டார். "எடுத்தீங்களா மாப்பிள்ளை?"

"அதை எதுக்கு எடுக்கணும்?"

"எதுக்கு எடுக்கணும்னு கேக்கறார்" என்றார் அத்தை ஃபோனில். மறுமுனையில் கடைக்காரர் நெடுமூச்சு விட்டார். அது உள்ளேயே இருக்கும்வரை கம்ப்யூட்டர் அதைத்தான் முதலில் படிக்கும், படித்ததும் புதிதாகப் போடத்தான் ஆரம்பிக்கும், நீங்கள் நூறு தடவை போட்டாலும் அது நூற்றியோராவது தடவை போடத் தயாராக இருக்கும் என்று விளக்கினார். அரைமணி பென் டிரைவைப் பிடுங்கினார். அணைத்து எரியவிட்டார். திரையில் நீல வெளிச்சம் பரவி, புதுக் கம்ப்யூட்டர் ஒன்று பளிச்சென்று வரவேற்றது. பாஸ்வேர்டைப் போட்டதும் வைஃபையும் வந்துவிட்டது. அக்கா முகம் காட்டும் ஆப்பையும் அரைமணி இறக்கி வைத்தார்.

நாலு மணிக்கு அக்காவின் அழைப்பு வந்தது. மணியடிக்கவில்லை, திரையில் அக்காவின் முகம் மட்டும் மின்னி மின்னி மறைந்தது. அத்தை முடியைச் சரிசெய்துகொண்டு அழுத்தினார். அக்கா வந்தார். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அக்காவின் வாய் அசைந்தது. மேலும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அரைமணி ஸ்பீக்கரைத் தட்டினார். ஒயரைக் கழற்றி மாட்டினார். ஒலியைக் கூட்டும் இடத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி நின்றது. அக்கா அதற்குள் விரலை ஆட்டி ஆட்டி எதையோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை கன்னத்தில் கைவைத்து ரசித்தார்.

"அக்கா இவ்வளவு நேரம் பேசி எனக்குத் தலை வலிக்காம இருக்கிறது இதுதான் முதல் தடவை."

அக்கா பின்னால் திரும்பி யாரையோ கூப்பிட்டார். பெரிய வேலை மாப்பிள்ளை படத்துக்குள் வந்தார். நிலைமையைப் பார்த்தார். ஒரு காகிதத்தில் பெரிதாக 'டிரைவர்' என்று எழுதிக் காட்டினார்.

"டிரைவரா? கார் அனுப்பறாரா?" என்றார் அத்தை.

"இல்லை அத்தை. சத்தத்தை ஓட்டுற சாஃப்ட்வேருக்கு அப்படிப் பேரு. அது இன்னும் போடலை."

பெரிய வேலை மாப்பிள்ளை கையால் மேலே, கீழே, வலது பக்கம் என்று சைகை காட்டினார். நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி இருந்தது. அரைமணி எங்கெங்கோ அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த மாப்பிள்ளை ஒரு கணம் யோசித்தார். அக்கா இருக்கும் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, இன்னொரு காகிதத்தில் எழுதி, கேமராவுக்கு நேராக நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

'போன மாசம் நான் இங்கே புதுசு போட்டப்பவும் சத்தம் போச்சு. திரும்ப வர ரெண்டு நாள் ஆச்சு. இங்கே யாருக்கும் தெரியாது.'

அக்கா என்னவோ என்று எட்டிப் பார்க்க வந்தார். அவர் சட்டென்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். அரைமணியும் சிரித்தார். இதுவரை கல்யாண ஃபோட்டோவில் மட்டும் பார்த்த அந்த மனுஷன் மேல் அவருக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. வாராவாரம் ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம் என்று அவர் தலையில் அங்கே எவ்வளவு ஏற்றி வைத்திருக்கிறார்களோ, பாவம்.

அதற்குள் அத்தையின் செல்போன் அடித்தது. அக்காதான். படம் கம்ப்யூட்டரில், குரல் ஃபோனில் என்று பேச ஆரம்பித்தார்கள். குரல் முதலில் வந்தது, வாய் பின்னால் அசைந்தது. திட்டு முடிந்த பிறகுதான் கோபம் முகத்துக்கு வந்தது. ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கும் அளவுக்கு அக்காவின் குரல் கேட்டது.

"என் மாப்பிள்ளைன்னா ஒரு நிமிஷத்துல பண்ணியிருப்பார்டி!"

"உன் மாப்பிள்ளை ஒரு நிமிஷம்தான் வேலை செய்வார்" என்றார் அத்தை. "என் மாப்பிள்ளை காலையிலேர்ந்து சோறு தண்ணி இல்லாம வேலை செய்யறார். யாரு அதிகம் உழைக்கிறாங்க? நீயே சொல்லு."

அக்கா வாயை மூடியது ஃபோனில் உடனே கேட்டது, திரையில் சற்று நேரம் கழித்துத் தெரிந்தது.

மனைவி வேலை முடிந்து வந்தபோது மாடிப்படி விளக்கைப் போட்டாள், மணி அடித்தது, கதவு திறக்கவில்லை. தன் சாவியால் திறந்து உள்ளே வந்தாள். கூடமெல்லாம் ஒயரும் தூசியுமாகக் கிடந்தது. சமையலறையில் அவள் கணவரும் அம்மாவும், ஆறிப்போன மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திருகாணி ஒன்றைப் பற்றி ஏதோ வாக்குவாதம். "நீங்கதான் மாப்பிள்ளை கணக்குத் தெரியாமக் கழட்டினீங்க." "நீங்கதானே அத்தை ஒளிச்சு வெச்சீங்க." நடுவில் யாரும் அவளைத் தேடவில்லை. அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் கடைசியில்.

"சத்தம் மட்டும்தான் வரலை" என்றார் அம்மா.

"எது, இந்த வீட்லயா?"

சத்தம் செவ்வாய்க்கிழமை வந்தது. கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனியின் தளத்தில் தேடி, மூன்று தவறான டிரைவரைப் போட்டு நீக்கி, நான்காவதாகச் சரியானதைப் போட்டார் அரைமணி. அத்தை சீட்டாட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார். புதிய ஆட்டத்திலும் அந்த பட்டன் இருந்தது. கம்ப்யூட்டர் உண்மையிலேயே பறந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் அக்கா செல்போனில் கூப்பிட்டார். வழக்கமான நேரம் இல்லை. குரல்கூட வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அங்கே அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் இப்போது ஊர்ந்துகொண்டிருக்கிறதாம். மாப்பிள்ளையிடம் சொன்னால் பார்க்கலாம் பார்க்கலாம் என்று நழுவுகிறாராம். அத்தை ஃபோனை அரைமணியிடம் நீட்டினார்.

"பெரியத்தை, அழிச்சிட்டுப் புதுசாப் போடலாம்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார் அரைமணி.

"நானேதான் நினைச்சேன். நீங்க போட்டீங்களே, இப்ப நல்லா ஓடுதாமே. எப்படிப் போடறதுன்னு கொஞ்சம் சொல்லுங்க, நானே போட்டுடறேன்."

அரைமணி கூடத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அத்தையைப் பார்த்தார். பிறகு, தன் வாழ்நாளில் எந்தப் பொருளைப் பற்றியும் யாரிடமும் சொல்லியிராத ஒன்றைச் சொன்னார்.

"ஓடுதுல்ல? அப்ப அதைத் தொடாதீங்க, பெரியத்தை."